தஞ்சாவூரில் பிள்ளைகளோடு ஒரு நாள்: ஊருக்குள்ளேயா, மூன்று கோயிலுமா, கல்லணையா?

பெரிய கோயிலில் மதியம் 12.30 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. 12 மணிக்கே சாத்திவிடுவதும் உண்டு. சாவகாசமாக எழுந்து, டிபன் முடித்து, பதினொரு மணிக்கு மேல் கோயில் வாசலில் வந்து இறங்கும் குடும்பங்கள் எல்லாம் படும் பாடு ஒன்றுதான். கருங்கல் தரை கொதிக்கும், வரிசை நகராது, சின்னது தூக்கச் சொல்லி அழும், சரியாக அந்த நேரம் பார்த்து நடை சாத்துவார்கள். அதனால் ஒரு நாள் திட்டம் போடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நடுவில் உள்ள அந்த மூன்றரை, நான்கு மணி நேரம் பிள்ளைகளை எங்கே வைத்திருக்கப் போகிறோம்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தப் பாதை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நடைமுறையில் மூன்று பாதைகள் உண்டு. ஊரை விட்டு நகராமல் பெரிய கோயில், அரண்மனை, பூங்கா என்று முடித்துக்கொள்வது ஒன்று. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்று சோழர் கோயில்களையும் கார் வைத்துச் சுற்றி வருவது இன்னொன்று. தஞ்சை 1987-லும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பெரிய கோயிலைக் கல்லணையோடு சேர்ப்பது மூன்றாவது.

ஆறேழு வயதுக்குக் கீழே ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் முதல் பாதைதான் சரி. எல்லோரும் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் இரண்டாவது. மூன்றாவது திருச்சியில் தங்கியிருப்பவர்களுக்கு, அதுவும் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மட்டும்.

பெரிய கோயில்: காலையா, மாலையா?

எந்தப் பாதையானாலும் பெரிய கோயில் உண்டு, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். 1010-ல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த இந்தக் கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முகப்பில் நேராக விழுவதால் படம் எடுக்க அதுதான் நேரம். சுமார் 216 அடி உயர விமானத்தின் நிழல் அப்போது மேற்குப் பிராகாரத்தில் நீளமாகப் படுத்திருக்கும். அந்தத் தரை குளிர்ந்தே இருக்கும் என்பதால் காலையில் பிள்ளைகளை ஓடவிட ஏற்ற இடம் அந்த மேற்குப் பக்கம். மாலை நாலரைக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: மேற்குப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், கிழக்கே நந்தி மண்டபத்தை ஒட்டித்தான் உட்கார முடியும். ஆனால் ஆறு மணிக்கு மேல் காற்று வரும், விளக்கு போடுவார்கள், உள்ளூர்க் குடும்பங்கள் வந்து உட்காரும். பிள்ளைகளுக்கு அந்த நேரம் பிடிக்கும்.

‘பெரிய கோயில் நிழல் தரையில் விழாது’ என்று பள்ளியில் கேட்டுக்கொண்டு வரும் பிள்ளையைக் காலையில் அந்த நிழலுக்குள்ளேயே நிற்க வைத்துவிடலாம். கதை பிறந்ததற்கும் காரணம் உண்டு. கோடைக்கால உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வருவதால் நிழல் குறுகி, அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மார்கழியில் அதே உச்சி வேளையில் வந்து பார்த்தால் நிழல் வடக்குப் பக்கம் தரையில் கிடக்கும்.

பிராகாரம் ஏறக்குறைய 790 அடி நீளம், 400 அடி அகலம். சுற்று மாளிகையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் கிட்டத்தட்ட 700 மீட்டர். நாலு வயதுப் பிள்ளை இதில் பாதி தூரம் நடக்கும், மீதி உங்கள் இடுப்பில். தள்ளுவண்டியை நம்ப வேண்டாம். வாயில்களில் நிலைப்படிகள் உண்டு, மண்டபத்துக்குப் படி ஏற வேண்டும். தூளி போலக் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துணி இருந்தால் போதும்.

மராட்டியர் வாயில், கேரளாந்தகன் திருவாயில், இராஜராஜன் திருவாயில் என்று வரிசையாகக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். பெரியவர்கள் விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் மூன்றாவது வாயிலில் நிற்பதே இல்லை. பிள்ளைகளை அங்கே நிறுத்துங்கள். பிரம்மாண்டமான துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு. அந்தப் பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ‘யானை எவ்வளவு பெரிசு? அதை விழுங்குகிற பாம்பு? அந்தப் பாம்பையே காலடியில் வைத்திருப்பவர்? அவரே வாசல்காவல்தான் என்றால் உள்ளே இருப்பவர்?’ என்று கேட்டுக்கொண்டே போனால், ஏழு வயதுப் பிள்ளை அளவைப் பற்றிய சிற்பியின் கணக்கைத் தானே கண்டுபிடித்துவிடும். வழிகாட்டியின் அரை மணிப் பேச்சு செய்யாததை இந்த ஐந்து நிமிடம் செய்யும்.

அடுத்தது கல்வெட்டு. விமானத்தின் அடித்தளம் நெடுக எழுத்துகள் ஓடுகின்றன, பல இடங்களில் பிள்ளைகளின் கண் உயரத்திலேயே. ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். முழுதாகப் படிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆனால் ‘ட’வும் ‘ப’வும் ஆயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. ஆளுக்குப் பத்து ‘ட’ கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்த எழுத்து எங்கே என்று தேடச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். அக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இராது. தொட வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நந்தி 12 அடி உயரம், 19.5 அடி நீளம், ஒரே கல். வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்ற கதையைச் சொல்லலாம், நாயக்கர் காலத்தது என்ற உண்மையையும் சொல்லலாம். விமானத்தின் வடக்கு முகத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடிக்கத் தொலைநோக்கியோ செல்போன் ஜூமோ வேண்டும்.

பிரதோஷ நாளில் கைக்குழந்தையோடு மாலையில் போகாதீர்கள். நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும்.

ஊருக்குள்ளேயே இருப்பது

இந்தப் பாதையின் பலம் அந்த மதிய இடைவெளியில்தான் இருக்கிறது. கோயிலிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் அரண்மனை. கூரை உண்டு, நிழல் உண்டு, செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. காலை 6.30 முதல் 9 வரை கோயில், பிறகு டிபன், 10 மணியிலிருந்து அரண்மனை, 1 மணிக்குச் சாப்பாடு, 1.30 முதல் 4 வரை தூக்கம், மாலையில் மறுபடி கோயில் அல்லது சிவகங்கைப் பூங்கா. இதுதான் சட்டகம்.

இதில் ‘தூக்கம்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரவு ரயிலேறி விடிகாலையில் வந்து அன்றிரவே திரும்புகிறவர்கள், ‘ஒரு நாளுக்கு எதற்கு ரூம்?’ என்று மிச்சம் பிடிப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு அரண்மனைத் திண்ணையில் மூன்று வயதுப் பிள்ளையைத் தூங்க வைக்க முயலும்போதுதான் அந்த மிச்சத்தின் விலை தெரியும். ரயில் நிலையத்துக்கும் பெரிய கோயிலுக்கும் நடுவே தங்கும் விடுதிகள் நிறைய. காலையில் குளிக்கவும் மதியம் படுக்கவும் ஒரு அறை கட்டாயம் வேண்டும். இந்தப் பாதையில் காருக்குச் செலவே இல்லை, ஆட்டோ போதும். அந்தப் பணத்தை அறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அரண்மனை ஒரே கட்டடம் என்று நினைத்துக்கொண்டு போனால் குழப்பம் வரும். நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி மராட்டியர் விரித்த வளாகம். உள்ளே தர்பார் மண்டபம், கலைக்கூடம், சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் என்று தனித்தனி நிர்வாகங்கள். பகுதிக்குப் பகுதி சீட்டு வேறு, கேமராவுக்கு வேறு. சில பகுதிகள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பூட்டும். சரசுவதி மகாலுக்குப் புதன்கிழமை விடுமுறை. உள்ளே நுழைந்ததும் ‘எது முதலில் பூட்டுவீர்கள்?’ என்று கேட்டு அதிலிருந்து தொடங்குங்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் வரிசை பெரியவர்களின் வரிசையாக இருக்காது. கலைக்கூடத்தில் உலகமே தேடி வந்து பார்க்கும் சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்பது அந்தத் திமிங்கல எலும்புக்கூடு எங்கே என்றுதான். அதை முதலில் காட்டிவிட்டால் பிறகு நடராசர் முன்னால் பத்து நிமிடம் நிற்பார்கள். கடைசியில் காட்டுகிறேன் என்று இழுத்தால் நடராசரும் போச்சு. சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைவிட, மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ ப்ரூனின் படங்கள் சிரிப்பை வரவழைக்கும். 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி எப்பேர்ப்பட்ட ஆர்வக்காரர் என்பதை அந்தப் படங்களை வைத்தே சொல்லிவிடலாம். மாடங்கள் அடுக்கிய கோபுரத்தில் ஏறவிடும் நாளும் உண்டு, விடாத நாளும் உண்டு. படிகள் குறுகல். ஏறவிட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் போக வேண்டும்.

சாப்பாட்டில் சிக்கல் இல்லை. காரம் தாங்காத பிள்ளைகளுக்குத் தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கடப்பா அருமையான துணை: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, காரம் தட்டாமல் செய்வார்கள். எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் கிடைக்காது, ஞாயிறு காலையில் வாய்ப்பு அதிகம்.

இந்தப் பாதையின் குறை வெளிப்படையானது. தாராசுரம் கிடையாது. சிற்பத்தில் ஆசை உள்ள பெரியவர்களுக்கு அது உறுத்தும்.

மூன்று கோயில்களும் ஒரே நாளில்

முடியுமா என்றால் முடியும். தஞ்சையிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய 35. போய்வரச் சுற்றுவழிகளோடு 160 கிலோமீட்டர் ஆகும். வண்டியிலேயே நாலு மணி நேரம் போய்விடும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு வரிசையில். பெரிய கோயிலில் தொடங்கி, பத்தரைக்குத் தாராசுரம் வந்து, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு மணிக்குப் போய்ச் சேருவார்கள். நடை சாத்தியிருக்கும், நாலு மணி வரை அங்கே பிள்ளைகளோடு பொழுதுபோக்க ஊர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. திருப்பிப் போடுங்கள். 5.45-க்குக் கிளம்பினால் ஏழரை வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு ஒன்பது மணி சுமாருக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் தாராசுரம். நடை சாத்துவதற்குள் முடித்து, கும்பகோணத்தில் சாப்பாடு, மதியம் சுவாமிமலை, நாலரை மணிக்குப் பெரிய கோயில்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் இராஜேந்திரன் கட்டியது. விமானம் தஞ்சையைவிடக் குட்டை, ஆனால் கோடுகள் நேராக ஏறாமல் சற்றே குழிந்து ஏறும். மாலையில் பெரிய கோயிலைப் பார்க்கும்போது இரண்டையும் ஒப்பிடச் சொல்லிக் காலையிலேயே ஒரு படம் வரையச் சொல்லலாம். சிங்க முகத்துக்குள் நுழைந்து இறங்கும் கிணறு ஒன்று உண்டு, பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். சுற்றிலும் புல்வெளி இருப்பதால் ஓடலாம். சுற்று மதிலும் கோபுரமும் இப்படிச் சிதைந்தது ஏன் என்று கேட்டால், திரும்பும் வழியில் பதில் இருக்கிறது: 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணைக்கரை பழைய பாலத்தில் போனால் அந்த அணையின் மேலேயே போகிறீர்கள். பாலம் குறுகல், எதிர்வண்டி வந்தால் காத்திருக்க நேரும். கூடுதலாக இருபது நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விக்கிரவாண்டி தஞ்சை நான்குவழிச் சாலை வழியாகப் போகிறாரா, அய்யம்பேட்டை, பாபநாசம் என்று ஊர்களுக்குள் புகுந்து போகிறாரா என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இரண்டாவது வழி வேண்டாம்.

தாராசுரம் பிள்ளைகளின் அளவுக்கே செய்த கோயில் என்று சொல்லலாம். இரண்டாம் இராஜராஜன் காலத்தது, 12-ஆம் நூற்றாண்டு. பெரிய கோயிலில் அண்ணாந்து கழுத்து வலிக்கும். இங்கே சிற்பங்கள் முழங்கால் உயரத்தில் தொடங்குகின்றன, பல உள்ளங்கை அளவுதான். குதிரை பூட்டிய தேர்போல மண்டபம், சக்கரத்தோடு. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தில் ஒரு பாதியைக் கையால் மறைத்துக் காட்டினால் யானை, மறு பாதியை மறைத்தால் காளை. ‘தட்டினால் சுரம் பாடும் படிக்கட்டு’ என்று ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், தட்ட முடியாது. மழைக்காலத்தில் முன்பக்கம் பள்ளமாக இருப்பதால் தண்ணீர் தேங்கும்.

மதியத்துக்குச் சுவாமிமலையைச் சொல்வதற்குக் காரணம் முருகன் கோயில் அல்ல, அதுவும் சாத்தித்தான் இருக்கும். அங்குள்ள ஸ்தபதிகளின் பட்டறைகள்தான் காரணம். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவெடுப்பார்கள், அளவுகோல் கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்ததும் சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. வார்ப்பு தினமும் நடக்காது, உளி வேலை பெரும்பாலும் நடக்கும். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தவிர்த்து இரண்டரை மணி வாக்கில் போங்கள். உலைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். ஒரு ஓலையை வாங்கிப் பிள்ளையின் உயரத்துக்கே மடிக்கச் சொன்னால் வீடு வரை அதையே பேசிக்கொண்டு வருவார்கள்.

இந்தப் பாதையில் மதியத் தூக்கம் காரிலேதான். அது ஒத்துவராத பிள்ளை இருந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தை வெட்டிவிட்டு, தஞ்சை, தாராசுரம், சுவாமிமலை என்று 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் முடித்துக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்கு இந்த நடுவழிதான் பொருந்தும்.

கல்லணை

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அணையில் நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். திறந்த சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் 1080 அடி நீள அணையில் நின்று மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கரிகாலனையும் அணையின் தந்திரத்தையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பெரிய விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தஞ்சையிலிருந்து 45 கிலோமீட்டருக்கு மேல் போய், அதே வழியில் திரும்புவது நாளைத் தின்றுவிடும். திருச்சிக்குப் போகிறவர்களுக்கு அது வழியிலேயே வரும் இடம். காலையில் பெரிய கோயில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் பயணம், நாலு மணிக்குக் கல்லணை, இருட்டுவதற்குள் திருச்சி என்றால் பொருந்தும். மதகுகள் திறந்திருக்கும்போது கரையில் இறங்கிக் கால் நனைப்பது வேண்டவே வேண்டாம், இழுப்பு பார்வைக்குத் தெரியாது.

கல்லணையை விட்டுவிட்டால் பிள்ளைகளிடம் பெரிய கோயில் பக்கத்தில் ஓடும் புது ஆற்றைக் காட்டலாம். 1934-ல் திறந்த கல்லணைக் கால்வாய்தான் அது.

பையும் காரும்

மே மாத விடுமுறையில் வருகிறவர்களே அதிகம், வெயிலும் அப்போதே அதிகம். கோயிலுக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை. தடித்த பருத்திக் காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி அழுக்காகிக் கழற்றப்பட்டுவிடும். நார் விரிப்பு போட்டிருக்கும் பாதையிலேயே நடக்கப் பழக்குங்கள். கழிப்பறை வேலையைச் செருப்பைக் கழற்றுமுன் வெளியிலேயே முடித்துவிடுவது நல்லது. உள்ளே போய் இருபதாவது நிமிடத்தில் ‘அம்மா, அவசரம்’ என்றால் மூன்று வாயிலையும் திரும்பக் கடந்தாக வேண்டும். எல்லோர் செருப்பையும் ஒரே பையில் போட்டு ஒரே டோக்கன் வாங்குங்கள்.

கார் பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், மேலே போனால் என்ன கணக்கு, ஓட்டுநர் பேட்டா, டோல் யார் தலையில் என்று ஐந்தையும் கேட்டுவிட வேண்டும். அதிகாலையில் கிளம்பினால் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு மாலை ஆறு மணிக்குள் தீர்ந்துபோகும், அதுவும் பெரிய கோயிலில் விளக்கு போடும் நேரத்தில். அங்கே இறங்கியதும் காரை அனுப்பிவிட்டு, அறைக்கோ ரயிலுக்கோ ஆட்டோவில் போவது மலிவு.

பொம்மையைக் கடைசியில் வாங்குங்கள், எந்தப் பாதையானாலும். இரண்டு வகை உண்டு. அடி உருண்டையாக, கனமான களிமண்ணோடு இருக்கும் ராஜா ராணி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே அதுதான். நாட்டியப் பெண் பொம்மைக்குத் தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று கம்பி முனையில் ஆடும். கடையிலேயே துண்டு துண்டாகக் கழற்றிச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். மாட்டியபடியே பையில் வைத்தால் ஊர் போய்ச் சேருவதற்குள் கழுத்துப் பக்கம் விரிசல் விடும்.